அழித்துவிட்டு வராதீர்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, என் வக்கீல் அலுவலகத்தை அடைக்கிற நேரத்தில் ஒருவர் வந்தார். தன் ஊர்க் கல்குவாரிக்கு எதிராக ஒரு சமூக ஊடகப் பக்கத்தை நடத்துகிறவர். வெடி வைத்ததில் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல், கிணற்றில் இறங்கிப்போன தண்ணீர், கிராமசபைத் தீர்மானம், ஆட்சியருக்குக் கொடுத்த மனு என்று எல்லாவற்றையும் மூன்று வருடமாகப் பதிவு செய்துவந்தார். அன்று காலை அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அரசிடமிருந்து வந்த கோரிக்கையின்படி உங்கள் பதிவு இந்தியாவில் மறைக்கப்பட்டுள்ளது என்று நாலு வரி. எந்தச் சட்டம், எந்த அதிகாரி, எந்த வாக்கியம் தப்பு என்று ஒன்றும் இல்லையாம்.

"அந்த மெயிலைக் காட்டுங்க" என்றேன்.

"அழிச்சிட்டேன் மேடம். மெயில், அந்தப் பதிவு, போட்டோ, வாட்ஸ்அப் குரூப் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். வீட்ல ரொம்பப் பயந்துட்டாங்க."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனக்கு நடந்ததை நிரூபிக்கக் கையில் இருந்த எல்லாவற்றையும் அவரே துடைத்துவிட்டு வந்திருந்தார். இப்படி வருகிறவர்கள் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அக்கிரமம்தான். ஆனாலும் யார் தண்டித்தார்கள், எதற்காக, எத்தனை நாள் என்பதெல்லாம் ஊரறிய நடந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாளில் அவர் வெளியே வந்தார். 2025 பிப்ரவரி 15 அன்று அதே விகடனின் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. விகடன் பிளஸ் இதழில் வந்த, பிரதமர் கைவிலங்கோடு இருப்பதுபோன்ற ஒரு கார்ட்டூன்தான் விஷயம். தளம் திறக்காமல் போனபோது தடை உத்தரவு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றது விகடன். ஒரு படத்துக்காக முழுத் தளமும் போனது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

இன்றைய தணிக்கை சத்தம் போடுவதில்லை. பக்கம் திறக்காது, அவ்வளவுதான். நெட் சரியில்லையோ, போன் கோளாறோ என்று வாசகர் நகர்ந்துவிடுவார். எனவே ஓர் இணையக் குழு செய்ய வேண்டிய முதல் வேலை, நடந்ததைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவது.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு ஓர் இணையப் பக்கத்தை முடக்கலாம். அரசை விமர்சித்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2009-ல் வந்த விதிகளின்படி, எழுதியவருக்கு "அல்லது" அதைத் தாங்கி நிற்கும் ஃபேஸ்புக், எக்ஸ் போன்ற நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். இந்த "அல்லது" என்ற ஒரு சொல்லில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நடைமுறையில் நோட்டீஸ் நிறுவனத்துக்குப் போகிறது. எழுதியவருக்குத் தகவல்கூட வருவதில்லை. அப்புறம் 16-வது விதி: எல்லாம் ரகசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் அந்த விதியைக் காட்டியே மறுப்பார்கள்.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினார் என்று கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே தீர்ப்பு 69ஏ-யை விட்டுவைத்தது. ஏன் விட்டுவைத்தது என்பதைக் கவனியுங்கள். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும், உத்தரவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்ற பாதுகாப்புகள் இருக்கின்றன என்பதால்தான். அவை நடக்காதபோது நாம் கேட்டால்தான் உண்டு.

கேட்டால் கிடைக்குமா? கிடைத்திருக்கிறது. வரதட்சணையைக் கேலி செய்து ஒருவர் நடத்திய தளம் 2018-ல் முடக்கப்பட்டது. கேலி என்றே புரியாமல் முடக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. உத்தரவின் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நாலு வருடம் ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பயனர்கள் போடும் பதிவுக்கு நிறுவனம் எப்போது பொறுப்பாகும் என்று சொல்லும் அதே சட்டத்தின் 79-வது பிரிவைக் காட்டி, மத்திய உள்துறையின் சஹயோக் என்ற இணையதளம் மூலம் அரசுத் துறைகளும் காவல்துறையும் நேரடியாக நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்புகின்றன. 69ஏ விதிகளில் உள்ள, கோரிக்கையைப் பரிசீலிக்கும் குழு, விசாரணை எதுவும் இங்கே கிடையாது. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. குவாரியை எதிர்த்து எழுதியவர் விவகாரமும் இந்த வழியில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? மறைக்கப்பட்ட பதிவு, நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், திறக்கும்போது வரும் செய்தி மூன்றையும் தேதி, நேரம், முகவரி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் போதாது, மூலத்தை அப்படியே வைத்திருங்கள். பொதுவில் திறக்கிற பக்கமாக இருந்தால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் முன்கூட்டியே சேமித்துவையுங்கள். இணையதளம் என்றால் வேறு வேறு ஊரிலுள்ள உறுப்பினர்கள் வேறு வேறு நெட்வொர்க்கில் திறந்து பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரு சிம்மில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் அதுவே ஒரு தடயம். இந்தச் சோதனைக்கென்றே ஊனி புரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போன் உங்களிடம் இருக்கட்டும். போலீஸ் வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழிப்பது இன்னும் ஆபத்து. ஆதாரத்தை அழித்ததாக அதுவே தனிக் குற்றமாகலாம்.

வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டித் தடையைத் தாண்டும் விபிஎன் போட்டுக்கொண்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நீங்கள் படிக்க அது உதவும். குவாரிக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற பாட்டி விபிஎன் போட மாட்டார். வாசகர்கள் கலைந்துபோவதுதான் தணிக்கையின் வெற்றி. அதனால் மாற்று வழியைத் தேடுகிற அதே நாளில் மனுவையும் எழுதுங்கள்.

குரூப் அட்மின்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ போட்ட பதிவுக்கு நீங்கள் உள்ளே போக வேண்டியதில்லை. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், வெறும் அட்மின் வேலை மட்டுமே பார்த்தவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஆனால் உறுப்பினர்களின் போன் நம்பர், வீட்டு முகவரி அடங்கிய பட்டியலைக் குழுவில் போட்டுவைக்காதீர்கள். யாரையாவது அடிக்கச் சொல்லும் பதிவு, சாதியைச் சொல்லித் திட்டும் பதிவு வந்தால் உடனே நீக்குங்கள். அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். உங்கள் நியாயமான பதிவுகளையும் அவை சேர்த்து இழுத்துவிடும்.

குவாரியை எதிர்த்து எழுதியவருக்கு உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதே ஊரில் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர், ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காக அந்தப் பக்கத்தின் பதிவுகளை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அன்று காலை "இது உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று ஆங்கிலத்தில் வந்ததையும், என்னவென்று மகனிடம் கேட்க எடுத்திருந்தார். மேலே மூலையில் 7.42 என்று நேரம் தெரிந்தது.

சான்றிதழை நீட்டியபோது பேனாவை எடுக்காமல் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டா எம்மேல கேஸ் வருமா கண்ணு?"

"வராதும்மா. இது உங்க போன்ல உங்க கண்ணால பார்த்ததுன்னு மட்டும்தான் சொல்றீங்க."

முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். நீதிமன்றத்தில் மனுவுக்கு நம்பர் கிடைத்துவிட்டது. உத்தரவின் நகலைக் கேட்டிருக்கிறோம். போகும்போது அந்தப் படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று அவர் பீரோவில், இன்னொன்று பக்கத்து ஊரில் தங்கை வீட்டில்.