இல்லாத நாயின் காலடிச் சத்தம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 14 வயதான அவருடைய நாய் போன மாதம் செத்துப்போனது. ஆனால் வேலை முடிந்து வந்து கேற்றைத் திறந்தால், சீமெந்துத் தரையில் நகம் உரச அது ஓடிவரும் சத்தம் இன்னும் கேட்கிறதாம். "அம்மா சொல்லுறா, அதுக்கும் அந்தியேட்டி மாதிரி 31 நாள் கணக்கு இருக்காம், அதுவரைக்கும் வீட்டைச் சுத்துமாம். எனக்கு விசர் பிடிக்குதோ எண்டு பயமா இருக்கு. அதின்ர சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைக்கிறதோ, அப்பிடியே விடுறதோ?"

விசர் இல்லை, தங்கச்சி. நாயைப் பறிகொடுத்த பலருக்கும் இது நடக்கிறது.

"ஒரு நாய்தானே" என்று ஆறுதல் சொல்ல வருபவர்களுக்கு முதலில் ஒன்று. 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களையும் வளர்ப்பவர்களையும் ஓர் அறையில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்ட சோடிகளில், இரு தரப்பின் சிறுநீரிலும் ஒட்சிடோசின் கூடியிருந்தது. தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹோர்மோன்தான். மனிதர் கையால் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ஆகவே துக்கம் ஏன் இவ்வளவு பெரிது என்று யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனிச் சத்தத்துக்கு வருவோம். காது அனுப்புவதை மூளை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறது. சீரான இடைவெளியில் 'பீப்' ஒலிகளைக் கேட்கவைத்து நடுவில் ஒன்றை விட்டுவிட்டால், வராத ஒலி வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் மூளை அலைகளில் ஒரு பதில் பதிவாகிறது. கேற் திறந்தால் நகச் சத்தம் என்று 14 வருடம் பழகிய மூளைக்கு, மேலே சுற்றும் ஃபேனின் 'டிக்' ஒலியே போதும். மிச்சத்தை அது தானே நிரப்பிவிடும்.

ஆனால் என்னை அசரவைத்தது வேறொன்று. நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வுகூடம் இருக்கிறது. 2014இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். அதற்கு முந்தைய வருடம், அல்பர்ட் சாவோ என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலி ஒரு பெட்டிக்குள் ஓடித் திரிகிறது. உள்ளே ஒரு பொருள் வைக்கப்படுகிறது. எலியின் மூளையில், நினைவோடு தொடர்புள்ள என்டோரைனல் புறணியில் சில நரம்புக்கலங்கள் அந்தப் பொருளருகே எலி வரும்போது துடித்தன. இதில் புதினம் இல்லை. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். அப்போது வேறு சில கலங்கள், பொருள் முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வரும்போதெல்லாம் துடிக்கத் தொடங்கின. பொருள் இருந்தபோது அந்தக் கலங்கள் பொதுவாக அதைச் சட்டை செய்யவே இல்லை! இருப்பதைச் சொல்ல ஒரு கூட்டம், இருந்ததைச் சொல்ல வேறொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பொருள்-சுவட்டுக் கலங்கள் என்று பெயர். படித்துவிட்டு அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

எலிக்குத்தானே என்கிறீர்களா? வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளை, பொருட்கள் இருந்த இடத்தை நினைவுபடுத்தும் கணினி விளையாட்டொன்றை விளையாடச் சொன்னார்கள். நினைவுகூரும் பொருளின் இடத்தை ஒட்டித் துடிக்கும் கலங்கள் மனிதரின் என்டோரைனல் புறணியிலும் இருப்பதாக 2019இல் அறிக்கை வந்தது.

பெட்டிக்குள் எலியை ஓடவிட மக்கள் காசா என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. கவலை வேண்டாம், இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். எலி வாங்கவும் காணாது.

31 நாள் கணக்கை அம்மாவோடு வாதாட வேண்டாம். அவவும் அந்த நாய்க்குச் சோறு வைத்தவதானே. ஆவிதான் என்றால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாய் இருந்ததையே அறியாத ஒருவர் அதே கேற்றைத் திறக்கட்டும். அவருக்கு நகச் சத்தம் கேட்கிறதா? நாயின் ஆவிக்கு நூல் கட்டவேண்டும், பரிகாரம் செய்யவேண்டும் என்று எவராவது காசு கேட்டால் மட்டும் கேற்றைச் சாத்திவிடுங்கள்.

சிலர் கொஞ்ச நாள் யாழ்ப்பாணம் போய் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். மனம் ஆறப் போகலாம், சத்தத்தை நிறுத்தப் போகவேண்டாம். கேற்றைத் திறந்தும் நாய் வராத ஒவ்வொரு முறையும் கணிப்பு கொஞ்சம் தளர்கிறது. இந்த மறுபயிற்சி இடத்தோடு ஒட்டியது. வேறிடத்தில் அடங்கிய எதிர்பார்ப்பு பழைய இடத்துக்கு வந்ததும் திரும்பவும் தலைதூக்கும் என்பது பழக்கக் கற்றல் ஆய்வுகளில் பலமுறை கண்டது. நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்காகக் கெட்டிருந்தால் டொக்டரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைத்தும் பேசலாம்.

கோப்பை விஷயம்: எடுத்து வைத்தாலும் அது இருந்த மூலையைச் சுவட்டுக் கலங்கள் விடப்போவதில்லை, பொருளை எடுத்த பிறகுதானே அவற்றுக்கு வேலையே தொடங்குகிறது. ஆகவே இன்றைக்கே எடுக்கவேண்டும் என்றில்லை, வருடக்கணக்கில் வைத்திருக்கவேண்டும் என்றுமில்லை. கை வருகிற அன்றைக்கு எடுங்கள். எறும்பு வந்தால் மட்டும் கழுவி வையுங்கள்.