வாங்கப்போகிறவர் உங்கள் பாக்கியைத் தரமாட்டார்

போன வாரம் அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன பிரஸ் ஷாப், 22 பேர் வேலை செய்கிறார்கள், கார்களுக்குப் போகும் பிராக்கெட், கிளாம்ப் போன்ற தகட்டு உருப்படிகளை அடித்துத் தருகிறார். மேசைமேல் ஒரு ஃபைலை வைத்தார். பணம் வராத இன்வாய்ஸ்கள், முதல் பக்கத்தில் பென்சிலால் கூட்டுத்தொகை: 61 லட்சம். அதில் ஜிஎஸ்டி மட்டுமே 9 லட்சத்துக்கு மேல். கைக்கு வராத பணத்துக்கான வரியை அவர் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டார், அது திரும்பி வர வழியில்லை.

இதே கதையோடு இந்த வருடம் வந்த நான்காவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சப்ளை செய்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளை நிறுவனத்துக்கு. அங்கே தாய்க் கம்பெனி கடன் கட்ட முடியாமல் கோர்ட்டுக்குப் போனது. செய்தியைப் பார்த்து இவர் பயந்து போன் செய்திருக்கிறார். பர்சேஸ் மேனேஜர் சொன்ன பதில்: "கவலைப்படாதீங்க, பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கப்போகுது, வந்ததும் எல்லா பாக்கியும் மொத்தமா செட்டில் ஆகிடும்." அந்த ஒரு வார்த்தையை நம்பி இன்னும் நான்கு மாதம் லாரி அனுப்பினார். 61 லட்சத்தில் பாதிக்கு மேல் அந்த நான்கு மாதச் சரக்குதான். அதன்பிறகு இந்தியக் கிளையும் என்.சி.எல்.டி.க்கு, அதாவது கம்பெனிகளின் திவால் வழக்கைப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போனது, பணம் வரவேண்டியவர்கள் கோரிக்கை கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பு வெளியான தமிழ் நாளிதழ் தினமும் அவர் ஆபீசுக்கு வருகிறது. அவர் என்னிடம் வந்தபோது 97 நாள் ஆகியிருந்தது, கோரிக்கை கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது.

"வாங்குகிறவர் தருவார்." இருபது வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன், சிறு தொழில் செய்பவர்களை இந்த நம்பிக்கை அளவுக்கு வேறெதுவும் கவிழ்த்ததை நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தெரிந்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொடித்துப்போன கம்பெனியை "வாங்குவது" என்று பேப்பரில் போட்டால், பெரும்பாலும் கம்பெனியை அப்படியே கடனோடு வாங்குவதாக அர்த்தமில்லை. அதிலுள்ள நல்ல சொத்துகளைப் பொறுக்கி எடுப்பதாகத்தான் அர்த்தம். இயந்திரம், நிலம், டிசைன், பிராண்டு பெயர், லாபம் தரும் ஆலை, இவை போகும். கடன், நிலுவை, வழக்கு எல்லாம் பழைய கூட்டிலேயே கிடக்கும். பேங்க் ஏலத்தில் விட்ட வீட்டை ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். பழைய வீட்டுக்காரர் தெருமுனை மளிகைக் கடையில் வைத்த கணக்கை அவர் அடைப்பாரா? மளிகைக்காரர் போய்க் கேட்டால் "நீங்கள் யார்?" என்றுதான் கேட்பார். நீங்கள்தான் அந்த மளிகைக்காரர். எவ்வளவு பெரிய ஆள் வந்து வாங்கினாலும் இதுதான் நிலை. பெரிய ஆள் என்றால் அவரிடம் நல்ல வக்கீல் இருப்பார், பழைய கடன் ஒன்றுகூடத் தன்மேல் ஒட்டாமல் ஒப்பந்தம் எழுதுவார்.

கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேவூ என்ற கார் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 1995ல் சியலோ, 1998ல் மாட்டிஸ். மாட்டிஸும் ஹூண்டாயின் சான்ட்ரோவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தவை, இரண்டும் கொரியக் கம்பெனி. ஒன்று உத்தரப் பிரதேசத்தில் நொய்டா பக்கம் சூரஜ்பூரிலிருந்து, இன்னொன்று நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. மாட்டிஸ் மோசமான வண்டியே இல்லை, ஓட்டியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அதன் தலையெழுத்து சூரஜ்பூரில் எழுதப்படவில்லை.

கொரியாவில் கடன்மேல் கடன் வாங்கி உலகமெங்கும் ஆலை கட்டிய தேவூ குழுமம் 1999ல் சரிந்தது. நிறுவனர் கிம் ஊ-சூங் நாட்டைவிட்டே போய்விட்டார், 2005ல்தான் திரும்பினார், பிறகு சிறைத் தண்டனை. கார் கம்பெனியை வாங்க ஃபோர்டு முன்வந்தது. அப்போதும் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள், பெரிய கம்பெனி வருகிறது, கவலைப்படாதே என்று. 2000 செப்டம்பரில் கணக்குப் புத்தகங்களைப் பார்த்த ஃபோர்டு விலகிக்கொண்டது. நவம்பரில் தேவூ மோட்டார் தன் கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் திவாலானது. 2001 பிப்ரவரியில் புப்யோங் ஆலையில் சுமார் 1,750 தொழிலாளிகளை ஒரே அறிவிப்பில் வெளியே அனுப்பினார்கள்.

அந்தக் கடன் பத்திரம் என்பது என்ன என்று வெண்டார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கொரியாவில் அப்போது பெரிய கம்பெனிகள் சப்ளையர்களுக்கு உடனே பணம் தருவதில்லை, இத்தனை மாதம் கழித்துத் தருகிறேன் என்று ஒரு புரோநோட்டுத் தருவார்கள். சப்ளையர் அதை பேங்கில் கொடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் வாங்கிக்கொள்வார். எழுதிக் கொடுத்த கம்பெனி விழுந்தால் பேங்க் அந்தப் பணத்தைச் சப்ளையரிடம் திருப்பிக் கேட்கும். பொருளும் போச்சு, வாங்கிச் செலவழித்த பணத்தையும் கட்ட வேண்டும். கேட்டமாதிரி இருக்கிறதா? உங்கள் பேங்க்கில் பில் டிஸ்கவுன்ட் என்று வைத்திருக்கிறீர்களே, சாங்ஷன் லெட்டரைக் கொஞ்சம் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் இதே ஷரத்துதான் இருக்கும்.

கடைசியில் 2002ல் ஜெனரல் மோட்டார்ஸ் வந்தது. அக்டோபரில் ஜிஎம் தேவூ என்று புதுக் கம்பெனி. சாங்வோன், குன்சான் ஆலைகளையும் வியட்நாம் ஆலையையும் எடுத்துக்கொண்டது. கொரியாவிலேயே பெரிய ஆலையான புப்யோங்கைக்கூட உடனே எடுக்கவில்லை, நிபந்தனைகள் போட்டு 2005ல்தான் சேர்த்துக்கொண்டது. போலந்து வேண்டாம், ருமேனியா வேண்டாம், உஸ்பெகிஸ்தான் வேண்டாம். இந்தியாவும் வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கதி. ருமேனியாவில் அரசாங்கமே கிரயோவா ஆலையைத் திரும்ப வாங்கி ஃபோர்டுக்கு விற்றது, அங்கே இன்றும் வண்டி ஓடுகிறது. உஸ்பெகிஸ்தானில் அரசு கூட்டாளியாக இருந்ததால் உற்பத்தி தொடர்ந்தது. போலந்தின் வார்சா ஆலை தள்ளாடித் தள்ளாடி 2011ல் கார் செய்வதை நிறுத்தியது. தேவூவின் லாரிப் பிரிவை 2004ல் நம் டாடா வாங்கினார்கள். சூரஜ்பூரை அப்படிக் கைதூக்கிவிட யாரும் இல்லை. கடன் கொடுத்தவர்கள் வசூல் நடவடிக்கைக்குப் போனார்கள், ஆலை பூட்டிக் கிடந்தது, தொழிலாளிகள் நிலுவைக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. மாட்டிஸ் சாகவில்லை. 2007ல் அதே மாட்டிஸின் அடுத்த வடிவம் இந்தியாவுக்கே திரும்பி வந்தது, செவ்ரோலே ஸ்பார்க் என்ற பெயரில், குஜராத்தில் ஜிஎம்மின் ஹாலோல் ஆலையிலிருந்து. டிசைன் வந்தது, சந்தை வந்தது. சூரஜ்பூர் ஆலையும் அதன் கடனும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன. பழைய பில்லை எடுத்துக்கொண்டு ஹாலோல் வாசலில் போய் நின்றிருந்தால் சட்டப்படி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் கேட்பார்: "சார், 2009ல் ஜிஎம்மே திவாலாச்சே, வெண்டார்களுக்குப் பணம் வந்ததே?" வந்தது. 2009 ஜூன் 1ல் கோர்ட்டுக்குப் போய் ஜூலை 10ல் புதுக் கம்பெனியாக வெளியே வந்தார்கள், 40 நாள். ஏனென்றால் அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர் போட்டது. அதற்கும் முன்பே, மார்ச் மாதத்தில், சப்ளையர்களுக்கென்று தனியாக 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். உங்கள் கஸ்டமருக்காக எந்த அரசாவது அப்படி முன்வந்திருக்கிறதா? அங்கேயும் வேண்டாத கடன்கள் பழைய கூட்டில்தான் விடப்பட்டன, அந்தக் கூட்டுக்கு மோட்டார்ஸ் லிக்விடேஷன் என்று பெயரே மாற்றினார்கள்.

திவாலாகாத ஊரில்கூட அடி விழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஹோல்டன், ஜிஎம்மின் கிளை. அடிலெய்டு பக்கம் எலிசபெத் ஆலையில் செய்த கமடோர் காரை பான்டியாக் ஜி8 என்று அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜிஎம்மின் மறுசீரமைப்பில் பான்டியாக் பிராண்டை மூடினார்கள். ஹோல்டன் யாருக்கும் கடன்பட்டு விழவில்லை, ஆனால் ஏற்றுமதி ஆர்டர் காணாமல் போய் அந்த ஆலை ஒரு ஷிஃப்டுக்கு இறங்கியது. ஆஸ்திரேலிய டாலர் ஏறியது, சந்தை சிறியது, அரசு உதவி பற்றிய சண்டை என்று பிறகு பல காரணங்கள் சேர்ந்தன. 2017 அக்டோபர் 20ல் கடைசி கார் வெளியே வந்தது. ஃபோர்டும் டொயோட்டாவும் அதற்கு முன்பே அங்கே உற்பத்தியை நிறுத்தியிருந்தன. ஒரு நாட்டில் கார் செய்வதே முடிந்துபோனது.

சரி, நாம் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

கஸ்டமரின் தாய்க் கம்பெனி பற்றிக் கெட்ட செய்தி வந்த அன்றே பாக்கிக் கணக்கை எடுங்கள், அவர்கள் அக்கவுன்ட்ஸிலிருந்து பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கையெழுத்தோடு வாங்குங்கள். இமெயிலாவது வாங்குங்கள். பர்சேஸ் மேனேஜரின் வாய்ச்சொல்லைக் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். அவருக்கே அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாது, பாவம். தவணையைச் சுருக்குங்கள், பழைய பாக்கி குறையாமல் புதுச் சரக்கு போகாது என்று சொல்லுங்கள். உறவு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. 22 குடும்பம் உங்களை நம்பி இருக்கிறது, அந்த உறவையும் நினையுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்தீர்களா? இன்னும் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. காசு இல்லை, ஒரு மணி நேர வேலை. அது இருந்தால் எம்எஸ்எம்இ சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், தவறினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு கூட்டுவட்டி, அரசின் இணைய போர்ட்டலில் புகார் கொடுக்கலாம். ஆனால் இதெல்லாம் என்.சி.எல்.டி.யில் வழக்கு ஏற்கப்படும் முன்புதான். ஏற்றுவிட்டால் வசூல் நடவடிக்கைகளுக்கான தடைக்காலம் தொடங்கிவிடும், அப்புறம் உங்கள் புகார் அப்படியே நிற்கும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்ற, சிறு தொழில்களின் பில்களை விற்றுப் பணமாக்கும் இணையத் தளத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அங்கே பில்லை விற்றால், கஸ்டமர் கட்டாவிட்டாலும் பணம் கொடுத்தவர் உங்களிடம் திரும்பி வரமாட்டார். கொரிய சப்ளையர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது, பயன்படுத்துங்கள்.

கஸ்டமர் என்.சி.எல்.டி.க்குப் போய்விட்டால், வழக்குக் காலத்தில் கம்பெனியை நடத்த நியமிக்கப்படும் தீர்வு நிபுணரிடம் கோரிக்கைப் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். முதல் கெடு 14 நாள், பொதுவாக 90 நாள் வரை ஏற்பார்கள். "என் பெயர் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறதே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கம்பெனியை மீட்கும் திட்டம் ஒப்புதலாகிவிட்டால் அதில் சேராத கோரிக்கை அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021லேயே சொல்லிவிட்டது. கொடுத்தாலும் முழுப் பணம் வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். வரிசையில் பேங்குகளுக்குப் பின்னால்தான் நாம் நிற்கிறோம், கடன் கொடுத்தவர்கள் குழுவில் ஓட்டும் கிடையாது. ஆனால் வழக்கு ஏற்கப்பட்ட தேதிக்குப் பிறகு ஆலை ஓட நீங்கள் அனுப்பும் சரக்கு வேறு கணக்கு, அதற்கு முதலிடம் உண்டு. தீர்வு நிபுணரிடமிருந்து எழுத்தில் ஆர்டர் வாங்கி, தனி இன்வாய்ஸ் போட்டு அனுப்புங்கள், பழைய கணக்கோடு கலக்காதீர்கள்.

டைகள், அதாவது தகட்டை வடிவமாக அடிக்கும் அச்சுகள் பற்றியும் ஒரு வார்த்தை. கஸ்டமருக்குச் சொந்தமான டை உங்கள் ஷாப்பில் இருக்கிறது என்பதற்காகக் கோபத்தில் ஸ்கிராப்பில் போட்டுவிடாதீர்கள், அது வேறு வழக்காகும். அதேபோல நீங்கள் காசு போட்டுச் செய்து, பீஸ் விலையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்த டைக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் மீதிப் பணத்தை எப்படிக் கேட்பீர்கள்? அம்பத்தூர்க்காரரிடம் 14 டை இருக்கிறது. அதில் ஐந்து அவர் காசு. அந்த ஐந்துக்கும் ஒரு காகிதம்கூட இல்லை, ஒன்றின் பக்கவாட்டில் அவர் மகன் பெயரை மட்டும் பஞ்ச் அடித்திருக்கிறார்கள்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு என்.சி.எல்.டி.யில் மனு போடப்போகிறோம். கேட்கட்டும், பார்ப்போம். டூல் ரூமில் உருக்கு வாங்கிய பில், ஹீட் ட்ரீட்மென்ட் பில், சலான் எது கிடைத்தாலும் தேடி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒரு கஸ்டமர் இருந்தால், தயவுசெய்து 97வது நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.