பாஸ்வேர்டுன்னா கடவுள் சொல்லா?

பூம்பாறைலேருந்து ஒரு பெரியவர், வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு லோடு ஏத்தி விட்டுட்டு அப்படியே பஸ் புடிச்சு கொடைக்கானல்ல நம்ம கடைக்கு வந்துட்டாரு. கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், சீசன்ல ஈ-பாஸ் எடுத்துக் குடுக்குறது, அம்புட்டுதான். மகன் புது போன் வாங்கி அனுப்பிருக்கான், அது ஜிமெயில் பாஸ்வேர்டு கேக்குது, இவருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. "என்னது தம்பி அது, பாஸ்வேடு?"ன்னாரு. நான் மேதாவித்தனமா தமிழ்ல சொல்றேன்னுட்டு "கடவுச்சொல்லுங்கய்யா"ன்னேன். மூஞ்சி தெளிஞ்சிருச்சு அவருக்கு. "அப்படி வெவரமா சொல்லு. குழந்தை வேலப்பர் துணைன்னு போடு."

கடவுள் சொல்லுன்னு காதுல விழுந்திருக்கு, அவங்க ஊரு முருகன் பேரைச் சொல்லிட்டாரு. சிரிச்சுட்டேன், ஆனா அப்புறம் உக்காந்து யோசிச்சா அவர் மேல தப்பே இல்ல, நம்மள்ல எத்தன பேருக்கு அந்தக் "கடவு"ன்னா என்னன்னு தெரியும்?

கடவுன்னா வழி, ஒரு பக்கத்துலேருந்து மறு பக்கம் கடந்து போற எடம். "கட"ங்கிற வேர்தான், ஆத்தைக் கட, ரோட்டைக் கட. நமக்கு மேற்கால மலை எறங்கினா மறையூர் பக்கம் பாம்பாத்தங்கரைல கோவில்கடவுன்னு ஒரு ஊரே இருக்கு. மலையாளத்துல கடவுன்னா ஆத்துல எறங்கி ஏறுற தொறை. இலங்கைத் தமிழ்ல ரயில்வே கேட் இருக்குற எடத்தைப் புகையிரதக் கடவைன்னு சொல்வாங்க, பாஸ்போர்ட் அவங்களுக்குக் கடவுச்சீட்டு. (கடவுளும் இதே வேருதான்னு சிலர் சொல்வாங்க, அப்படிப் பாத்தா பெரியவர்தான் ஜெயிச்சாரு, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல.)

இங்கிலீஷ்லயும் கதை கிட்டத்தட்ட இதேதான். பாஸுங்கிறது லத்தீன் "பாசுஸ்"லேருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் காலடி. மலைக்கு நடுவுல நடந்து கடக்குற கணவாய்க்கும் இங்கிலீஷ்ல பாஸ்தான். ஆக ஈ-பாஸ், பாஸ்போர்ட், பாஸ்வேர்டு எல்லாமே நடந்து கடக்குற சமாச்சாரம், அதனால கடவுச்சொல் கச்சிதமான சொல்லுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். மறைச்சொல்லுன்னும் சிலர் எழுதுறாங்க, ஒளிச்சு வைக்கணும்னு மட்டும்தான் அது சொல்லுது, எதுக்குன்னு சொல்லல. அடையாளச்சொல்லுன்னு போடுறது சுத்தமா தப்பு. நீ யாருன்னு சொல்றது யூசர்நேம், அதாவது பயனர் பெயர். நெசமாவே நீதானான்னு சோதிக்கிறதுதான் கடவுச்சொல்.

2024 மே 7லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வரணும்னா ஈ-பாஸ் வேணும், ஐகோர்ட் உத்தரவு, அது எல்லாருக்கும் தெரியும். செக்போஸ்ட்ல அந்த பாஸ்ல போட்ருக்குற வண்டி நம்பரையும் வந்து நிக்கிற வண்டியையும் ஒத்துப் பாக்கலாம். கடவுச்சொல்லுல அந்தக் கதையே கெடையாது. சொல்லு சரியா இருந்தா கதவு தொறக்கும், சொல்ற வாய் யாரோடதுன்னு அது பாக்காது. அந்தக் காலத்து ரோமாபுரிப் படையில தெனம் ராத்திரி ஒரு சொல்லை மரப்பலகைல எழுதி பாசறைக்குள்ள கைமாத்தி விடுவாங்களாம், காவக்காரன் இருட்டுல அதைத்தான் கேப்பான். எதிரி ஒட்டுக்கேட்டுட்டா அவனும் உள்ள வந்துருவான்.

கம்ப்யூட்டருக்கு இது வந்தது 1960கள் தொடக்கத்துல, அமெரிக்காவுல எம்ஐடில, கார்பட்டோன்னு ஒரு பேராசிரியரோட குழு செஞ்ச சிடிஎஸ்எஸ்னு ஒரு சிஸ்டத்துல. ஒரே மெஷினைப் பல பேர் பங்கு போட்டதால ஆளாளுக்கு ஒரு சொல்லு குடுத்தாங்க. 1962ல ஆலன் ஷெர்னு அங்க படிச்ச ஒருத்தருக்கு மெஷின்ல ஒதுக்கின நேரம் பத்தல, மனுஷன் பாஸ்வேர்டு இருந்த ஃபைலையே பிரிண்ட் போட்டு எடுத்துட்டாரு! பொறந்த கொஞ்ச நாள்லயே திருட்டுப் போயிருச்சு.

இதைப் படிச்சுட்டு நம்ம கடை கம்ப்யூட்டர்ல குரோம் செட்டிங்ஸைத் தொறந்து பாத்தேன். வந்து போனவங்க ஜிமெயில், ஸ்காலர்ஷிப், பிஎஃப்னு வரிசையா சேவ் ஆகிக் கெடக்கு. "பாஸ்வேர்டை சேவ் பண்ணவா"ன்னு அது கேக்குறப்ப எல்லாரும் சரின்னு தட்டிட்டுப் போயிருக்காங்க, நானும் கவனிக்கல, என் தப்புதான். அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டு அந்தக் கேள்வியே வராத மாதிரி ஆஃப் பண்ணிட்டேன். நீங்க எந்த நெட் சென்டர் போனாலும் அதுக்கு வேணாம்னு தட்டுங்க, கெளம்புறப்ப லாக் அவுட் பண்ணுங்க, முடிஞ்சா இன்காக்னிட்டோ ஜன்னல்ல தொறங்க, மூடினதும் அது எதையும் ஞாபகம் வச்சுக்காது.

சரி, வேலப்பர் ஏன் வேணாம்? பழனி மலை சுத்துவட்டாரத்துல முருகன் பேரும் கூட ஒரு 123ம் போட்டுப் பாத்தா எத்தன கணக்கு தொறக்குமோ, அது அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். புள்ள பேரு, வண்டி நம்பர், பொறந்த வருஷம் எல்லாம் இதே கேஸ்தான். நீளம்தான் பலம். சின்ன எழுத்து மட்டும் போட்டாலே எட்டு எழுத்துக்கு ஏறக்குறைய 20,900 கோடி சேர்க்கை வரும், மெஷினுக்கு அது பெருசே இல்ல, ஆனா இன்னும் நாலு எழுத்து சேத்துப் பன்னெண்டாக்குனா அதைவிட நாலரை லட்சம் மடங்கு. அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைத் தமிழ்லயே நெனச்சு இங்கிலீஷ் எழுத்துல அடிங்க, அதுக்குக் கடவுத்தொடர்னு பேரு வச்சுக்கலாம். ஜிமெயிலுக்கு ஒண்ணு, பேங்குக்கு வேற ஒண்ணு. வீட்ல ஒரு நோட்டுல எழுதிப் பீரோவுல வச்சா தப்பில்ல, காலண்டர்ல எழுதாதீங்க.

ஓடிபியும் இதே குடும்பம்தான், ஒருமுறைக் கடவுச்சொல், ஒரு தடவை கடந்தா செத்துரும். பேங்க்லேருந்து பேசுறேன்னு எவன் கேட்டாலும் சொல்லாதீங்க, ஏமாந்து பணம் போயிருச்சுன்னா ஒடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க.

இவ்வளவையும் பெரியவர்ட்ட பொறுமையா சொன்னேன். தலையாட்டிக் கேட்டாரு. கீபோர்டை அவர் பக்கம் நகத்திட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி குத்துறாரு, பத்து நிமிஷம் ஆச்சு. முடிச்சுட்டு, சரியா அடிச்சிருக்கமான்னு சந்தேகம் வந்திருக்கும் போல, கடைல ஜெராக்ஸுக்கு நின்ன ஆறு பேருக்கும் கேக்குற மாதிரி நாலு வார்த்தையையும் சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாத்தாரு.

மறுபடி மொதல்லேருந்து. மன்னவனூர் பஸ் அதுக்குள்ள போயிருச்சு.