"எப்போ மூச்சு வாங்குதோ அப்போ மட்டும் அடிச்சுக்குறேன் டாக்டர்"

இந்த வாரமும் ஒருவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். அதிகாலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பையில் உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலர்கள் மூன்று, அதில் இரண்டு காலி. கூடவே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலர் வீட்டில் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருக்கிறதாம். வென்டிலேட்டர் வரை போய்த் திரும்பினார். தேறி உட்கார்ந்ததும் அவர் சொன்னதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். வெளியே நின்ற மனைவி கேட்டது இன்னொன்று: "அவருக்கு லேசான ஆஸ்துமாதானே டாக்டர்?"

இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த 'லேசான'. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நோயின் தீவிரத்தைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்குத்தான் சிகிச்சை எடுத்துவந்தார்கள். 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, உதவி வந்து சேர்வதற்குள்ளோ இறந்துவிட்டார்கள். நீல இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேல் எழுதித் தரப்பட்டிருந்தது. வழக்கமாக ஓர் இன்ஹேலரில் 200 பஃப், அதாவது 200 முறை அடிக்கும் மருந்து இருக்கும். பன்னிரண்டு என்றால் 2400. அதாவது தினமும் ஆறேழு பஃப், வருடம் முழுக்க. இதை யாராவது லேசானது என்று சொல்வார்களா?

வருடத்துக்கு மூன்று நீல இன்ஹேலர் காலியானாலே நாங்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவோம். உங்களிடம் கடைசியாக எப்போது புதிது வாங்கினீர்கள் என்று நான் கேட்பது பேச்சுக்கு அல்ல.

நீல இன்ஹேலர், அதாவது சால்பியூட்டமால், சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரித்துவிடும். சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் வம்பே. மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் அழற்சியை, அதாவது வீக்கத்தை, அது தொடுவதே இல்லை. அழற்சியைக் குறைப்பது ஸ்டீராய்டு, ஆனால் அதை அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. எது உடனே வேலை செய்கிறதோ அதுதான் நல்ல மருந்து என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் பயன்படுத்திய ஸ்டீராய்டு இன்ஹேலரின் எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம் ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்தது. அதுவும் குறைந்த அளவு ஸ்டீராய்டுதான்.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயம். "இன்ஹேலர் பழகிடும், அதுலயும் ஸ்டீராய்டு, மாத்திரையே கொடுங்க." இதைச் சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சிரைப்பு முற்றி வந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 40 மில்லிகிராம், ஐந்து நாள் கொடுப்போம். மொத்தம் 200 மில்லிகிராம், அதாவது 2 லட்சம் மைக்ரோகிராம். பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு பஃப் 200 மைக்ரோகிராம், காலையும் இரவும் ஒவ்வொன்று என்றால் நாளுக்கு 400. அந்த 2 லட்சத்தை எட்ட 500 நாள் ஆகும். ஐந்து நாள் மாத்திரை, ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான இன்ஹேலர். எடைக்கு எடை ஒப்பிடுவது முழுக்க நியாயம் இல்லைதான், இன்ஹேலர் மருந்துக்கு வீரியம் கூடுதல். ஆனால் அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. தொண்டையில் படிந்து விழுங்கப்படும் பங்கில் பெரும்பகுதியைக் கல்லீரல் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மாத்திரை அப்படியில்லை, எலும்பு, கண், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். வாழ்நாளில் நான்கைந்து முறை இப்படி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கே எலும்புத் தேய்மானம், சர்க்கரை, கண்புரை போன்ற பாதிப்புகளின் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. இன்ஹேலருக்குப் பயந்து வருடத்துக்கு மூன்று முறை மாத்திரை விழுங்குகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிவதே இல்லை.

இன்ஹேலர் ஸ்டீராய்டில் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாயில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதிக அளவில் பல வருடம் எடுத்தால் எலும்பையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் மூன்று மாதம் நன்றாக இருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கிறோம். குறைப்பது எங்கள் வேலை, நிறுத்துவது உங்கள் வேலை அல்ல.

அப்புறம் பழகிப்போவது எது? தினமும் அடித்தால் பழகிப்போவது நீல இன்ஹேலர்தான். ஓரிரு வாரம் விடாமல் பயன்படுத்தினாலே மூச்சுக்குழாயில் அதன் பாதுகாப்பு மங்க ஆரம்பிக்கிறது, தூசிக்கும் புகைக்கும் மூச்சுக்குழாய் இன்னும் எளிதில் சுருங்குகிறது. 'பழகிடும்' என்று ஒதுக்கியது ஒன்றை, பழகிக்கொண்டது இன்னொன்றை. (சால்பியூட்டமால் மாத்திரையையும் சிரப்பையும் இன்னமும் எழுதும் நம் சகாக்களுக்கு ஒரு வார்த்தை: கைநடுக்கமும் படபடப்பும் தவிர நோயாளிக்கு அதில் கூடுதலாக என்ன கிடைக்கிறது?)

சரி, மனிதர்கள் மூச்சு வாங்கும்போதுதான் மருந்தைத் தேடுவார்கள், நாம் எவ்வளவு கத்தினாலும் மாறாது. இதை ஆராய்ச்சியாளர்களும் கண்டுகொண்டார்கள். அப்படியானால் அந்த நேரத்தில் அடிக்கும் பஃப்பிலேயே ஸ்டீராய்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 2018இல் வெளியான சிக்மா 1 ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ள 3849 பேர். பியூடசோனைடும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தவர்களுக்கு, வெறும் நிவாரண மருந்தை எடுத்தவர்களைவிடக் கடுமையான மூச்சிரைப்பு 64 சதவீதம் குறைந்தது. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமான பாதுகாப்பு, ஆனால் ஸ்டீராய்டு அளவு அவர்களுடையதில் ஆறில் ஒரு பங்குதான். அன்றாடத் தொந்தரவு கட்டுப்படுவதில் தினமும் எடுத்தவர்கள் சற்று முன்னால் இருந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். அடுத்த ஆண்டு, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைக்காமல் அன்றாடச் சிகிச்சை போலவே நடத்திய நாவல் ஸ்டார்ட் ஆய்விலும் கடுமையான தாக்குதல்கள் குறைவாகவே இருந்தன. 2019இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு, பெரியவர்களுக்கு நீல இன்ஹேலர் மட்டும் கொடுக்கும் சிகிச்சையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. அரை நூற்றாண்டு வழக்கம் அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிந்தது?

இதைப் படித்துவிட்டு வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு கூட்டு இன்ஹேலரை இஷ்டத்துக்கு அடிக்காதீர்கள். இது ஃபார்மோட்டரால் சேர்ந்ததற்கு மட்டும்தான். அது சீக்கிரம் வேலை செய்யும். சால்மெட்டரால் என்ற இன்னொரு விரிப்பு மருந்து சேர்ந்தது மெதுவாகத்தான் விரிக்கும், அவசரத்துக்கு உதவாது. எத்தனை பஃப், ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆஸ்துமாவுக்கு. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், வேறு நோய். இரண்டுக்கும் இன்ஹேலர் ஒரே மாதிரி இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை வாங்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சால்மெட்டராலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 26,000 பேரிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டராலும் எடுத்தவர்களில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மருந்தை எடுத்தவர்களில் 3 பேர். அதில் பலர் ஸ்டீராய்டு இன்ஹேலரே எடுக்காதவர்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்த ஆபத்து கூடவில்லை என்று பிற்காலப் பெரிய ஆய்வுகள் காட்டின. இதே வகை மருந்தை சி.ஓ.பி.டி.க்கு ஸ்டீராய்டு இல்லாமல் கொடுக்கலாம், கொடுக்கிறோம். ஸ்டீராய்டு விஷயம் அங்கே தலைகீழ். சி.ஓ.பி.டி.யில் எல்லோருக்கும் அது தேவையில்லை, 2007இல் வெளியான டார்ச் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நிமோனியா கூடுதலாக வந்தது. அடிக்கடி மோசமாகிறதா, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 300ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் சேர்க்கிறோம். ஒருவருக்கு உயிர் காப்பது இன்னொருவருக்குத் தேவையில்லாத தலைவலி.

அதனால்தான் ஸ்பைரோமெட்ரி, ஸ்பைரோமெட்ரி என்று புலம்புகிறேன். நுரையீரலின் ஊதும் திறனை அளக்கும் சோதனை அது. மூக்கில் கிளிப், வாயில் குழாய், முடிந்த மட்டும் இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவார். கத்தத்தான் வேண்டும், பாதியில் விட்டால் அளவு தப்பு. அப்புறம் மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து விசில் சத்தம் கேட்டதும் ஆஸ்துமா என்று எழுதிவிடுகிறோம். கனடாவில் மருத்துவர் ஆஸ்துமா என்று சொன்ன 613 பேரை, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து முறையாகப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது ஆஸ்துமா இருப்பதாகவே நிரூபிக்க முடியவில்லை. 2017இல் வந்த ஆய்வு இது. அவர்களில் பலருக்கு முதலில் நோயைக் கணித்தபோது ஸ்பைரோமெட்ரி செய்யப்படவே இல்லை.

சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு வேறொரு சமாதானம் இருக்கும்: "வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்." 2021இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேரைக் கொன்ற நோய்க்கு வயசு என்று பெயர் வைக்காதீர்கள். புகைபிடிக்காதவர்களுக்கும் வரும். விறகடுப்புப் புகை, வேலையிடத் தூசி, எப்போதோ வந்துபோன காசநோய் எல்லாமே காரணம் ஆகலாம். புகைப்பவர் என்றால் நிறுத்துவதைப் போல எந்த இன்ஹேலரும் வேலை செய்யாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், விடாமல் புகைத்த ஆண்களின் ஊதும் திறன் வருடத்துக்கு 66 மில்லிலிட்டர் குறைந்தது. ஆரம்பத்திலேயே விட்டவர்களுக்கு 30. "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆக்சிஜன் பற்றியும் ஒன்று. ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தவர்களுக்கு, ஓய்வாக இருக்கும்போதே 88 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால், நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால் ஆயுள் கூடுகிறது. 1980, 81இலேயே நிரூபணமானது. ஓரளவு மட்டும் குறைந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சு வாங்குகிறது என்பதற்காக நீங்களாகவே சிலிண்டர் வாங்கி வைக்காதீர்கள்.

"ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா" என்று கேட்டால் "நான் என்ன சோதனை எலியா?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சேராததால் வரும் கோளாறைப் பாருங்கள். நியூசிலாந்தில் சாதாரணமாக ஆஸ்துமாவோடு வாழ்பவர்களை எடுத்து, பெரிய ஆய்வுகளின் தேர்வு விதிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஓர் ஆய்வுக்குச் சராசரியாக 4 சதவீதம் பேர்தான் தேறினார்கள். புகைக்கும் ஆஸ்துமாக்காரர், வேறு நோயும் உள்ளவர், புகையே பிடிக்காத சி.ஓ.பி.டி.காரர் எல்லோரும் பெரும்பாலும் வெளியே. அவர்களுக்கான மருந்தை நாங்கள் ஊகத்தில் கொடுக்கிறோம். சேரும் முன் கேளுங்கள்: போலி மருந்துப் பிரிவில் விழுந்தால் என் தற்போதைய மருந்து தொடருமா? நடுவில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது? பாதியில் விலகினால் சிகிச்சை பாதிக்குமா? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, அடுத்த முறை வரும்போது இன்ஹேலரை எடுத்து வாருங்கள். என் முன்னால் அடித்துக் காட்டுங்கள். நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2016இல் சொன்னது, சரியாக அடிப்பவர்கள் 31 சதவீதம்தான், இத்தனை ஆண்டில் முன்னேற்றமும் இல்லை. வாயிலிருந்து புகை போல வெளியே வந்தால் அது நுரையீரலுக்குப் போகவில்லை. வாயு நிரப்பிய இன்ஹேலர் என்றால் முழுக்க மூச்சை விட்டுவிட்டு, அழுத்தியபடி நாலைந்து வினாடி மெதுவாக இழுங்கள். தூள் மருந்து என்றால் நேர்மாறு, வெடுக்கென்று பலமாக இழுக்க வேண்டும், அதற்குள் ஊதிவிடக் கூடாது, தூள் ஈரமாகிவிடும். இரண்டிலும் பத்து வினாடி மூச்சை அடக்குங்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தும் குழல் இருக்கிறது, அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

வாக்கியம் முடிக்க முடியவில்லை, உதடு நிறம் மாறுகிறது, அடித்த பஃப் கேட்கவில்லை என்றால் யோசிக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும் வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசரில் நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாக எடுங்கள். எத்தனை பஃப் ஆயிற்று என்று கூட இருப்பவர் எண்ணி வைத்து, வந்ததும் எங்களிடம் சொல்லட்டும்.