90 நிமிடங்களுக்கு ஒரு திண்ணை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்களைச் சுற்றியே என் கட்டட வரைவுத் தொழில் நடக்கிறது. எரிவாயுத் தகன மேடைக்கு வரைபடம் கேட்டு வருபவர்கள் உலை எத்தனை, புகைபோக்கி எவ்வளவு உயரம், சிலிண்டர் அறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்வார்கள். உடலை உள்ளே அனுப்பிய பிறகு, சாம்பல் கைக்கு வரும்வரை அந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஓர் உடல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 90 நிமிடங்கள் ஆகும். சாம்பல் ஆறுவதற்கான நேரம் தனி. உலைக்கு வேண்டியதை உலை செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த 90 நிமிடங்களுக்கு வேண்டியதைக் கட்டுவதுதான் எங்கள் வேலை.

இதை நான் தொடக்கத்திலேயே அறிந்திருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த முதல் தகன மேடையில் காத்திருக்கும் கூடத்துக்குத் தகரக் கூரை போட்டேன். உலைக்குக் காற்றூதும் இயந்திரத்தைக் கூடத்தின் சுவரை ஒட்டியே வைத்தேன், ஏனென்றால் குழாயின் நீளம் குறைந்தது, செலவும் குறைந்தது. திறந்த சில வாரங்களில், ஆனி மாத மழையில், எங்கள் தெருக்காரர் ஒருவரின் இறுதிச் சடங்குக்கு அங்கேயே போய் நின்றேன். தகரத்தில் மழை அறைந்த ஓசையிலும் இயந்திரத்தின் இரைச்சலிலும் அவருடைய மகன் தன் தம்பியிடம் என்ன சொன்னான் என்பது அருகில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அழுவதற்குக்கூட அந்தக் கூடத்தில் இடமில்லை. அதன் பிறகு காற்றூதியைத் தனிச் சுவருக்குப் பின்னே தள்ளி, ஓட்டுக் கூரைக்கு அடியில் மரப்பலகை அடிக்காமல் எந்த வரைபடத்தையும் நான் கொடுத்ததில்லை.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளக் குடும்பங்கள் பல, தம் வீட்டு வளவின் தெற்கு ஓரத்தில் மாமர விறகு அடுக்கி எரிக்கும் வழக்கமுடையவை. வீட்டுப் பெண்கள் திண்ணையிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர்களோ பாடை கட்டி ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். 3 சென்ட், 4 சென்ட் நிலத்தில் வீடு கட்டி வாழ்பவர்களுக்கு வளவும் இல்லை, தெற்கு ஓரமும் இல்லை. ஆகவே இரு தரப்பாரும் இன்று ஒரே மேடைக்கு வருகிறார்கள். அவர்களோடு பெண்களும் வரத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கென்று ஓர் இடம் அங்கே இல்லாமலேயே. வீட்டுத் திண்ணையை அப்படியே தகன மேடைக்குக் கொண்டுவருவதுதான் எனக்குத் தெரிந்த விடை: சாய்ந்துகொள்ள முதுகுச் சுவர், வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்கத் தூண், உலைக் கதவு தெரியாமல் மரங்கள் மட்டும் தெரியும் பார்வை. உலைக் கதவின் முன்னே நின்று சூடம் ஏற்ற விரும்புகிறவர்கள் பத்தடி நடந்து போகலாம். விரும்பாதவர்கள் அதைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது.

திண்ணை எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்தான் முடிவு செய்யும். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் இங்கே காற்று வீசும். எனவே புகைபோக்கிக்குக் கிழக்கிலோ மேற்கிலோ ஆட்களை உட்காரவைத்தால், ஆண்டில் சில மாதங்கள் புகை அவர்கள் மேல்தான் சாயும். உலையைத் தெற்கிலும் திண்ணையை வடக்கிலும் வைப்பதே சரி. தெற்கு எமனின் திசை என்பதால் பூசாரிகளும் இதில் என்னோடு சண்டைக்கு வருவதில்லை.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள வனக் கல்லறைத் தோட்டம். 1915-இல் நடந்த போட்டியில் வென்ற குன்னர் ஆஸ்ப்லுண்டும் சிகுர்ட் லெவரென்ட்ஸும் பழைய சரளைக் குழிகள் கிடந்த பைன் காட்டு நிலத்தை அழிக்காமல் அதை வடிவமைத்தார்கள். ஆஸ்ப்லுண்ட் வரைந்த தகனக் கட்டடம் 1940-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவரும் இறந்து அங்கேயே அடக்கமானார். அங்குள்ள மேட்டுத் தோப்புக்கு ஏறும் படிகளின் உயரம் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். துயரத்தில் ஏறுகிறவர் உச்சியை அடையும்போது மூச்சு வாங்கக் கூடாது என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான் இங்கே படிகளையே தவிர்த்துவிட்டு, பாடை தூக்குகிறவர்களின் தோள் குலுங்காத அளவுக்கு மெல்லிய சரிவுப் பாதை வைக்கிறேன். பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றுவதற்கு, பழைய சுமைதாங்கியின் உயரத்தில் ஒரு கல்மேடையும் உண்டு.

ஜப்பானின் ககாமிகஹாரா நகரில் டோயோ இட்டோ கட்டிய தகனக் கூடம், மேகம் போன்ற வெள்ளைக் கூரையோடு ஒரு குளத்தை நோக்கி நிற்கிறது. அதன் படத்தைக் காட்டிக் குளம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சித்தூர் வட்டம் மழை குறைந்த பகுதி. சித்திரையில் குளம் வெடித்துச் சேறு நாறும். குளிப்பதற்கு ஒரு கிணறும் கல்தொட்டியும் போதும். மனையில் ஏற்கெனவே நிற்கும் பனைகளை வெட்டாமல் விட்டு, இடையில் புங்கனும் நாவலும் நட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் நிழல் கிடைக்கும். கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே கன்றுகளை நட்டுவிடச் சொல்வேன். கடைசியில் நடலாம் என்று ஒதுக்கும் பணம் கடைசியில் இருப்பதில்லை.

இப்போது கையிலிருக்கும் வரைபடத்தில் ஒரே ஒரு திருத்தத்துக்காக மூன்றாவது முறையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். சாம்பல் கலயத்தைக் கொடுக்கும் ஜன்னலும் கட்டணம் வாங்கி ரசீது கொடுக்கும் ஜன்னலும் ஒன்றாக இருந்தால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்கிறார்கள். கிணற்றடிக்கு அருகே, நாவல் மரம் வரப்போகும் இடத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்லை வரைந்து, கலயத்தை அங்கே வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.