அக்னி நட்சத்திரத்திலும் குளிர்கிறதா?

வேலூர் வெயிலில் ஒரு பெண் ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். தொட்டால் ஜில்லென்று இருக்கும். உண்ணுதல் கோளாறு வந்து மாதக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால் உடம்பு இப்படித்தான் ஆகும். கையிருப்பு தீர்கிறது என்று தெரிந்ததும் அது செலவைச் சுருக்குகிறது. தைராய்டு ஹார்மோன் குறைய, உடற்சூடு தணிகிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது. மாதவிடாய் நின்றுபோகிறது. முதுகிலும் கையிலும் பூனைமுடி முளைக்கிறது.

பட்டினி மூளையையும் மாற்றிவிடும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்திருந்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள். பழையபடி சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. இத்தனைக்கும் மனநலம் சரியாக இருந்தவர்களாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள்!

பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் ஆம்பூர் பிரியாணியை வயிறு வலிக்கும்வரை தின்பவருக்கும் இதேதான் நடக்கிறது. கொழுப்பணுக்கள் சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது, வயிறு சுரக்கும், பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, இரண்டும் சேர்ந்து மூளையை உலுக்குகின்றன. அதைப் போய் மனக்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுவது அநியாயம். தின்றதை வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்த உண்ணுதல் கோளாறு ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது.

“ஒரு வாய் சாப்பிட்டா என்னடி, அவ்வளவு திமிரா?” என்று கேட்கும் அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. இன்சுலின் பெருகி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் என்ற தாது உப்பைச் செல்களுக்குள் தள்ளிவிடும். இதயமும் தசைகளும் தளர்ந்துபோகும். அதனால்தான் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாக உணவைக் கூட்டுகிறார்கள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கும் முறையை அங்கே பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நேரில் போகத் தயக்கமா? சரி, 14416க்கு ஃபோன் செய்யலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். “சாப்பாட்டு நினைப்பு என்னை விடமாட்டேங்குது” என்று ஆரம்பித்தால் போதும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் மட்டும் ஃபோனோடு நிற்காமல், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.