கொன்று குத்தி வைத்தால்தான் கண்காட்சியா?

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கும் சமயத்தில் எனக்கு ஒரே மாதிரியான போன் அழைப்புகள் வரும். "சார், எங்க ஸ்கூல்ல பூச்சிக் கண்காட்சி வைக்கிறோம். பட்டாம்பூச்சியை எப்படிக் கொன்னு காய வைக்கணும்?" கேட்பவர் ஆசிரியராக இருப்பார், சில நேரம் பிள்ளையின் அம்மா. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். துறை அருங்காட்சியகத்தின் பூச்சிப் பெட்டிகள் என் பொறுப்பு என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கொல்ல வேண்டாம் என்பதுதான் என் பதில். உயிரோடு, அது தின்னும் செடியோடு சில நாள் வைத்துக் காட்டுங்கள். அப்புறம் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரு தெர்மாகோல் அட்டை, அதில் குண்டூசியால் குத்திய பத்திருபது பூச்சிகள், கீழே ஸ்கெட்ச் பேனாவில் 'பட்டாம்பூச்சி', 'வெட்டுக்கிளி', 'சிலந்தி' என்று எழுத்து. இரண்டாம் நாளே எறும்பு ஏறிவிடும். சிலந்தியின் வயிறு சுருங்கி அடையாளமே தெரியாமல் போகும். சிலந்தி ஊசியில் குத்தி வைக்கிற உயிரே கிடையாது, அதை 70 சதவீத ஆல்கஹாலில்தான் போட்டு வைக்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும் அட்டை குப்பைக்குப் போகும். அருங்காட்சியகத்தில் ஒரு பூச்சி நூறு வருஷம் கழித்தும் பயன்படுகிறதென்றால் காரணம் அதன் அடியில் இருக்கும் சின்னச் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத பூச்சி ஆராய்ச்சிக்கு உதவாது. பிள்ளைகளின் அட்டையில் அது இருப்பதே இல்லை. பிறகு எதற்காக அந்த உயிர்கள் போயின?

சரி, உயிரோடு எதைக் காட்டலாம்? வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் இருந்தே ஆரம்பியுங்கள். கரும்பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டோடு, காக்கை எச்சம் விழுந்தது போல இலைமேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாகக் குனிந்து பாருங்கள். அது பட்டாம்பூச்சிப் புழு. பறவைகளை ஏமாற்ற அப்படி ஒரு வேஷம். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு இலையின் பச்சைக்கே மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு நெடியைப் பரப்பும். கொத்த வரும் எதிரியை விரட்ட அதனிடம் இருக்கும் ஆயுதம் அது. இதைக் கண்ணெதிரே பார்த்த பிள்ளை அப்புறம் கறிவேப்பிலை பறிக்கும்போதெல்லாம் இலையைத் திருப்பிப் பார்க்கும்.

வளர்ப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். மருந்து அடித்த இலையாக இருந்தால் புழு ஒரே நாளில் செத்துவிடும். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவும் ஆகாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியில் கொசுவலைத் துணியைக் கட்டினாலே போதும். பெட்டி உயரமாக இருக்க வேண்டும், உள்ளே நான்கைந்து குச்சிகள் சாய்ந்திருக்க வேண்டும். கூட்டுப்புழுவாகிச் சுமார் 10 நாளில் வெளியே வரும் பட்டாம்பூச்சி, கசங்கிய சிறகோடுதான் வரும். சிறகு கீழே தொங்கும்படி குச்சியைப் பற்றிக்கொண்டு, உடம்பிலுள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தித்தான் அதை விரிக்கும். தொங்க இடமில்லாவிட்டால் சிறகு மடங்கியபடியே காய்ந்து, ஆயுசுக்கும் பறக்க முடியாது. சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் கொசு அளவில் குளவிகள் கூட்டமாக வெளிவரும். பிள்ளைகள் அழுவார்கள். ஆனால் அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் நம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தாங்காது. அந்தக் கூட்டையும் எடுத்துக் காட்சியில் வையுங்கள் என்றே சொல்வேன்.

குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் இன்னொன்றையும் சொல்வதுண்டு. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கோடைமழை விழுந்ததும் விளக்கைத் தேடி ஆயிரக்கணக்கில் வந்து, ஓட்டுக்கடியிலும் மச்சிலும் அடையும் சின்னக் கருப்பு வண்டு உங்களுக்குத் தெரியும். கேரளத்தில் அதை முப்ளி வண்டு என்பார்கள். வீட்டில் எல்லோரும் வெறுக்கும் இந்த வண்டைத்தான் நான் கண்காட்சிக்குச் சிபாரிசு செய்வேன். தோட்டத்தில் உதிரும் ரப்பர் இலைதான் இதன் சாப்பாடு. இலைச்சருகில் வளர்ந்து, முதல் மழையோடு கிளம்பி, கூட்டமாக ஓரிடத்தில் அடைந்து வருஷத்தின் பெரும்பகுதியைச் சும்மாவே கிடந்து கழிக்கும். கடிக்காது. நசுக்கினால் வரும் நீர் தோலில் எரிச்சல் தரும், அவ்வளவுதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ரப்பர் சருகோடு பத்து வண்டு, பக்கத்தில் 'மழைக்கு முன்பே வெளி விளக்கை அணையுங்கள்' என்று ஒரு அட்டை. ஊர்க்காரர்கள் நின்று படிப்பார்கள்.

சிலந்தி விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. பொருட்காட்சிகளில் பெரிய ரோமச் சிலந்தியைப் பிள்ளைகளின் கையில் ஏற்றிவிட்டுப் போட்டோ எடுக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பயம் போக்குவதற்காம். அந்தச் சிலந்தி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துவிடலாம். நம் நாட்டில் மரத்தில் வாழும் ரோமச் சிலந்திகள் கடித்தால் நல்ல வலியும் தசைப்பிடிப்பும் வரும். இருவருக்குமே கெடுதல். மேலும், மரப்பொந்துகளில் வாழும் இந்தச் சிலந்திகளின் போசிலோதேரியா பேரினம் முழுவதையும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். செல்லப்பிராணிச் சந்தைக்காகக் காட்டிலிருந்து பிடித்துக் கடத்துவதுதான் முக்கியக் காரணம். அதே பேரினத்தைச் சேர்ந்த, ஆந்திரத்தின் கூட்டி என்ற ஊரின் பெயர்கொண்ட நீலநிறச் சிலந்தி இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. யாராவது விலைக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சிலந்தி காட்ட வேண்டுமென்றால் மாமரத்து முசுறுக்கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஓடும் எறும்புகளில் ஒன்று மட்டும் திடீரென்று நின்று, நூலில் தொங்கி இறங்கும். அது எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆண் சிலந்தியின் தாடை நீண்டு, ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவது போலவே இருக்கும். "மக்களே, காலை எண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவேன். எட்டு என்று கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம் பக்கம் என்றால் தேனீ வளர்ப்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். இருபக்கமும் கண்ணாடி வைத்த பெட்டியில் ஒரே ஒரு அடையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், அடை உருகிவிடும்.

உயிருள்ள காட்சி வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் விலங்குக்காட்சி சாலை 1881-லேயே பூச்சிகளுக்குத் தனிக்கூடம் திறந்தது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் கையளவு நீளமுள்ள குச்சிப்பூச்சி ஒன்று இருந்தது. 1918-இல் கரைதட்டிய கப்பலிலிருந்து இறங்கிய எலிகள் அதைத் தின்று தீர்த்தன. அழிந்தே போனது என்று எழுதிவிட்டார்கள். 2001-இல் கடலுக்குள் நிற்கும் ஒரு பாறைத்தீவில், புதர்களுக்கு அடியில், சில பூச்சிகள் கிடைத்தன. 2003-இல் பிடித்து வந்ததில் ஒரு ஜோடியை மெல்போர்ன் விலங்குக்காட்சி சாலைக்காரர்கள் வளர்த்துப் பெருக்கினார்கள். பூச்சிக்கு என்ன இலை, எவ்வளவு ஈரம் என்று கவனிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால் அது நடந்தது.

நம் மாநிலத்தில் ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இலும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018-இலும் திறந்தவை. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பூங்காவுக்கு வெயில் ஏறிய காலை நேரம் நல்லது, உடம்பு சூடானால்தான் பட்டாம்பூச்சி பறக்கும். உயிருள்ள சிலந்தி இருக்கும் கண்ணாடியை எங்கே பார்த்தாலும் தட்டவிடாதீர்கள். பல சிலந்திகளுக்கு அதிர்வுதான் கண்ணும் காதும்.

ஏற்கனவே பள்ளியில் பழைய பூச்சிப் பெட்டி இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. பெட்டிக்கு அதுதான் முதல் எதிரி. பூச்சிக்குக் கீழே பழுப்பு நிறப் பொடி தெரிந்தால் உள்ளே அருங்காட்சியக வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்துருண்டையை அள்ளிப் போடுவது வகுப்பறையில் பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லதல்ல. பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் ஈரம் படிந்துவிடும். சீட்டில் ஊர் பெயரும் தேதியும் இருந்தால், அந்தப் பெட்டியைப் பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையிடம் ஒருமுறை காட்டுங்கள்.